கார மிளகாய்க்கே இவ்வளவு பூச்சியா? பசுமைக்குடிலில் மிளகாய் வளர்ப்போர் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாக்கில் வைத்தாலே கண்ணில் தண்ணீர் வரவைக்கும் மிளகாய். அதைச் சுற்றி வலை கட்டி, மேலே பிளாஸ்டிக் ஷீட்டும் போட்டாச்சு. இதுக்கு மேல எந்தப் பூச்சி உள்ளே வரப்போகுது என்றுதான் புதிதாகப் பசுமைக்குடில் போடும் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் நாற்று நட்ட சில வாரங்களிலேயே இலை சுருள்கிறது, பூ கொட்டுகிறது. மருந்து அடித்தாலும் நிற்பதில்லை. குடிலுக்காகக் கடன் வாங்கியவர்களுக்கு இது பெரிய அடி. ஏன் இப்படி நடக்கிறது? எப்படிச் சமாளிப்பது? விரிவாகப் பார்க்கலாம்.

காரம் பூச்சியை விரட்டாதா?

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்ற வேதிப்பொருள். காய்க்குள் விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிறிய சதைப்பகுதியில்தான் இது உருவாகிறது. இலையிலும் தளிரிலும் காரம் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். மிளகாயைத் தாக்கும் முக்கியமான சின்னப் பூச்சிகள் எல்லாம் இலை, தளிர், பூவில் சாறு உறிஞ்சுபவை. அவற்றுக்குக் காயின் காரத்தோடு வேலையே இல்லை.

வடகிழக்கு மாநிலங்களில் விளையும் பூத் ஜோலோக்கியா மிளகாய், 10 லட்சம் ஸ்கோவில் அலகைத் தாண்டி 2007-ல் கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தது. அந்தச் செடியின் தளிரும் அசுவினிக்கு வெறும் கீரைதான். சொல்லப்போனால் இந்த மாதிரி அதிகாரமான ரகங்கள் முளைக்கவும் காய்க்கவும் கூடுதல் நாட்கள் எடுக்கும். பூச்சிக்கும் அந்தளவுக்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது.

மூடிய குடிலில் பூச்சி ஏன் பெருகுகிறது?

திறந்த வயலில் மழை பெய்தால் இலையில் இருக்கும் பூச்சிகள் கணிசமாக அடித்துச் செல்லப்படும். பொறிவண்டு, சிலந்தி, குளவி என அவற்றைத் தின்னும் எதிரிகளும் இருக்கும். குடிலுக்குள் மழை இல்லை. எதிரிகளையும் நம் வலையே வெளியில் நிறுத்திவிடுகிறது. உள்ளே கதகதப்பு, நல்ல உரம் குடித்த இளம் தளிர், காற்றடிக்காத இடம். தப்பி நுழைந்த பத்துப் பூச்சிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அசுவினி ஆண் துணையே இல்லாமல் குட்டி போடும். இலைப்பேன் முட்டையிலிருந்து முழுப் பூச்சியாக, வெயில் காலத்தில் இரண்டு மூன்று வாரமே போதும். முதல் வாரத்தில் கவனிக்காமல் விட்டால், அடுத்த மாதம் ஒரு செடி பாக்கியில்லாமல் பரவியிருக்கும்.

உள்ளே வரும் வழிகள் என்ன?

முதல் வழி நாற்று. வெளியிலிருந்து வாங்கிவரும் குழித்தட்டு நாற்றின் இலைக்கு அடியிலேயே முட்டையும் குஞ்சும் வந்துவிடும். இரண்டாவது கதவு. ஒற்றைக் கதவு வைத்த குடிலில் ஆள் நுழையும் ஒவ்வொரு முறையும் பூச்சிக்கும் வழி திறக்கிறது. மூன்றாவது உடை. மஞ்சள் நிறம் வெள்ளை ஈயையும் அசுவினியையும் ஈர்க்கும் என்பதால், மஞ்சள் சட்டையோடு உள்ளே போவதைத் தவிர்ப்பது நல்லது.

வலையும் முக்கியம். 40 முதல் 50 மெஷ் வலை வெள்ளை ஈ வருவதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் இலைப்பேன் ரொம்ப ஒல்லியானது, அந்தக் கண்ணிலும் புகுந்துவிடும். அப்போ இன்னும் நெருக்கமான வலை போட்டால் ஆச்சா? அங்கேதான் சிக்கல். வலை நெருங்க நெருங்க காற்றோட்டம் குறைந்து உள்ளே வெப்பம் ஏறும். 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு மிளகாய்ப் பூ உதிரத் தொடங்கும். நெருக்கமான வலை போடுவதாக இருந்தால், காற்று வந்துபோகும் பரப்பையும் கூட்டியே ஆக வேண்டும்.

எந்தப் பூச்சி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

செடியே சொல்லிவிடும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

* இலையின் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டு படகு போல் ஆனால், அது இலைப்பேன்.
* இலை கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, நுனி இலைகள் சிறுத்தால், அது மஞ்சள் சிலந்தி. வெறும் கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ் வேண்டும்.
* செடி குட்டையாகி, இலை சிறுத்துச் சுருண்டு மஞ்சள் பாய்ந்தால், வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸாக இருக்கலாம். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அந்தச் செடியைப் பிடுங்கி, பையில் போட்டுக் கட்டி வெளியேற்ற வேண்டும்.
* இலை பிசுபிசுவென்று ஒட்டி, கரி பூசியது போல் ஆகி, எறும்பு ஏறினால், அசுவினியோ வெள்ளை ஈயோ இருக்கிறது.
* பூ கொட்டினால், இரண்டு பூவைப் பறித்து வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். நூல் துண்டு போல் நெளிந்து ஓடினால் இலைப்பேன்.

இந்தக் கடைசிச் சோதனையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த 'த்ரிப்ஸ் பார்விஸ்பைனஸ்' என்ற இலைப்பேன், இந்தியாவில் முதலில் பெங்களூருவில் பப்பாளிச் செடியில் கண்டறியப்பட்டது. 2021-ல் ஆந்திரா, தெலங்கானா மிளகாய் வயல்களில் அது பெரும் சேதத்தை உண்டாக்கியது. இது கூட்டமாகப் பூவுக்குள் புகுந்துகொள்வதால், இலையை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

மருந்து அடித்தும் ஏன் அடங்கவில்லை?

பெரும்பாலும் மூன்று காரணங்கள். முதலாவது, ஆள் மாறாட்டம். மஞ்சள் சிலந்திக்கு எட்டுக் கால், அது பூச்சி இனமே இல்லை. பூச்சிக்கான இமிடாகுளோபிரிட்டை அதன் மேல் எத்தனை முறை அடித்தாலும் பயன் இல்லை. சிலந்திக்கென்று உள்ள மருந்தோ, நனையும் கந்தகமோதான் தேவை.

இரண்டாவது, பெயரை மட்டும் மாற்றுவது. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சம், அசிட்டாமிபிரிட் மூன்றும் ஒரே குடும்பம், வேலை செய்யும் விதமும் ஒன்றுதான். இந்த வாரம் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என மாற்றினாலும் பூச்சிக்கு அது பழகிய மருந்தே. வாங்கும்போது "வேற குரூப் மருந்து கொடுங்க" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது, நல்ல பூச்சியும் சேர்ந்து சாவது. பைரித்ராய்டு வகை மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்த இடங்களில் வெள்ளை ஈயும் சிலந்தியும் முன்பைவிட அதிகமாகக் கிளம்புவது தெரிந்த விஷயம்.

இன்னொன்றும் இருக்கிறது. மூடிய குடிலில் அடிக்கும் மருந்து சீக்கிரம் கலைந்து போகாது. அடிப்பவர் மூச்சில்தான் ஏறும். முகக்கவசம், கையுறை, முழுக்கை உடை கட்டாயம். வெயில் நேரத்தில் அடிக்கக் கூடாது. காற்றோட்டம் விட்டு, லேபிளில் சொன்ன நேரம் கழியும் வரை யாரும் உள்ளே போகக் கூடாது. டப்பாவில் சிவப்பு முக்கோணம் இருந்தால் அது மிகக் கொடிய நஞ்சு என்று அர்த்தம். அதற்கடுத்து மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை குறையும். மருந்துக்கும் அறுவடைக்கும் நடுவே விட வேண்டிய நாட்களும் லேபிளில் இருக்கும். மிளகாயை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை பறிப்பவர்கள் இதைத்தான் அதிகம் மீறுகிறார்கள்.

ஸ்பெயின் விவசாயிகள் என்ன செய்தார்கள்?

தெற்கு ஸ்பெயினின் அல்மேரியா, உலகிலேயே பசுமைக்குடில்கள் மிக அடர்த்தியாக உள்ள பகுதிகளில் ஒன்று. அங்கே விளையும் குடைமிளகாயும் நம் பச்சைமிளகாயும் தாவரவியல்படி ஒரே இனம். 2006 கடைசியில், அங்கிருந்து வந்த குடைமிளகாயில் அனுமதி இல்லாத பூச்சிக்கொல்லியின் எச்சம் இருப்பதை ஜெர்மனி ஆய்வகங்கள் கண்டுபிடித்தன. சந்தையே கைவிட்டுப் போகும் நிலை.

அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே அங்குள்ள பெரும்பாலான குடைமிளகாய்க் குடில்கள், பூச்சியைப் பூச்சியால் பிடிக்கும் முறைக்கு மாறின. இலைப்பேனைத் தின்னும் ஓரியஸ் என்ற சிறு நாவாய்ப்பூச்சியும், வெள்ளை ஈ முட்டையையும் இலைப்பேன் குஞ்சையும் தின்னும் ஸ்விர்ஸ்கி என்ற சிலந்தியும் செடிகளில் விடப்பட்டன. இரை கிடைக்காத நாளில் இவை இரண்டும் மிளகாய்ப் பூவின் மகரந்தத்தைத் தின்றே உயிரோடு இருக்கும். அதனால் தீய பூச்சி வரும் முன்பே காவலை நிறுத்திவைக்க முடிந்தது. ஆனால் கண்ட மருந்தையும் அடித்தால் இந்தக் காவலர்கள்தான் முதலில் சாவார்கள். எனவே மருந்து கடைசி ஆயுதமானது.

சரி, நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

நடும் முன்: குடிலைச் சுற்றிச் சில அடிக்குக் களை இல்லாமல் வையுங்கள். இரட்டைக் கதவு போடுங்கள், ஒன்று மூடிய பிறகே மற்றது திறக்க வேண்டும். வலையில் கிழிசல் இருந்தால் தைத்துவிடுங்கள். வாங்கிய நாற்றைச் சில நாள் தனியே வைத்து, இலைக்கு அடியில் பார்த்த பிறகே உள்ளே கொண்டுபோங்கள்.

நட்ட நாளிலிருந்து: வெள்ளை ஈ, அசுவினிக்கு மஞ்சள் ஒட்டும் அட்டையும், இலைப்பேனுக்கு நீல அட்டையும் செடி நுனிக்குச் சற்று மேலே தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை எண்ணி எழுதிவையுங்கள். போன வாரம் 5, இந்த வாரம் 30 என்றால் உடனே இறங்க வேண்டும்.

ஆரம்ப நிலையில்: 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கலந்து, மாலையில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். பவேரியா, லெகானிசிலியம் போன்ற பூஞ்சை மருந்துகளும் உதவும். ஆனால் ஈரப்பதம் இருந்தால்தான் இவை வேலை செய்யும், பூஞ்சைக்கொல்லியோடு கலக்கவே கூடாது.

அறுவடை முடிந்ததும்: பழைய செடியைக் காயவிட்டு அப்படியே போட்டுவைக்காதீர்கள். செடிகளை அகற்றி, களையையும் எடுத்துவிட்டு, கோடையில் குடிலைச் சில வாரம் காலியாக மூடிவையுங்கள். தின்ன ஒன்றும் இல்லாமல், சூட்டிலும் மாட்டிக்கொள்ளும் பூச்சி பெருமளவு செத்துவிடும்.

மாடியில் நாலு தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் இதே கணக்குதான். வாரம் ஒருநாள் இலையைத் திருப்பிப் பாருங்கள். பத்துப் பூச்சி இருக்கும்போது விரலாலேயே நசுக்கிவிடலாம்.