தோட்டக் கூரைக்குரிய பிளாஸ்டிக் தகடுகள்

பசுமைக்குடில், மாடித்தோட்டத்துப் பந்தல், தோட்டத்தில் அமர்தற்குரிய சிறு மண்டபம் ஆகியவற்றின்மீது, வெளிச்சத்தை உள்ளே விட்டு மழையைத் தடுக்கும் பொருட்டு வேயப்படும் தகடுகள் இவை. வழக்கில் ஷீட் எனப்படும். பி.வி.சி., கண்ணாடியிழை கலந்த பாலியெஸ்டராகிய ஃபைபர், அக்ரிலிக், பாலிகார்பனேட் என்பன பெரும்பான்மையாக உபயோகத்திலுள்ளவை. விலையை மட்டுமே கருதி வாங்குவோர் பலர். ஆயினும் கூரையின் ஆயுளைப் பெரிதும் நிர்ணயிப்பது சூரிய கிரணங்களிலுள்ள புறஊதாக் கதிரேயாதலின், அதனை எப்பொருள் எவ்வாறு தாங்குகிறது என்பதே முதற்கண் ஆராயத்தக்கது.

விலையில் எளியதாகிய பி.வி.சி., தன்னிலுள்ள குளோரினால் எளிதில் தீப்பற்றாதெனினும், 80 டிகிரி செல்சியஸை எட்டுமுன்னரே இளகும் சுபாவமுடையதாதலால், கோடை வெயிலில் காய்ந்த இரும்புச் சட்டத்தின்மேல் தொய்ந்து, காலக்கிரமத்தில் பழுப்பேறி நொறுங்கிவிடும். ஃபைபர் ஷீட் உஷ்ணத்தால் அதிகம் விரிவதில்லை. ஒளியைச் சிதறச்செய்து இலைகளுக்குச் சமமாகப் பரப்புவதால் நாற்றுகளுக்கு மிக உகந்தது. ஆனால் மேற்பூச்சு தேய்ந்தபின் இழைகள் வெளிப்பட்டு அழுக்கும் பாசியும் படியும். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் 1930களில் பிரசித்தப்படுத்திய அக்ரிலிக், 92 சதவீத ஒளியைக் கடத்திப் பல்லாண்டுகள் மஞ்சளாகாமல் நிற்பது; எனினும் மட்டை விழுந்தால் பிளந்துவிடுமாகையால் தென்னையின் கீழ் அதனை அமைப்பது அறிவன்று.

1953இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஷ்னெல்லும் அமெரிக்காவின் டேனியல் ஃபாக்ஸும் தனித்தனியே கண்டறிந்த பாலிகார்பனேட், அடிதாங்குவதில் இவையனைத்தினும் மேலானது. ஆனால் இயல்பில் அது புறஊதாக் கதிரால் மஞ்சளாவது. அதைக் காப்பது மேற்பரப்பில் ஏற்றப்படும் மிக மெல்லிய பாதுகாப்புப் படலமே. பெரும்பாலான தகடுகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே இப்படலம் இருப்பதால், உறைத்தாளில் குறித்துள்ள பக்கம் வானை நோக்கும்படி பொருத்தாவிடில், எவ்வளவு உயர்ந்த விலை கொடுத்து வாங்கிய தகடும் சில ஆண்டுகளில் பாழாகும்.

3 மீட்டர் நீளமுள்ள பாலிகார்பனேட் தகடு, 40 டிகிரி வெப்ப வேறுபாட்டில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் விரியும். எனவே ஸ்குரூவின் துளைகள் சற்றே அகன்றிருத்தல் அவசியம். வாஷருக்குப் பி.வி.சி. ரப்பர் ஆகாது, அதிலுள்ள மென்மையாக்கி கசிந்து தகட்டில் விரிசலை உண்டாக்கும். சட்டத்துக்கு அடித்த பெயின்ட் முற்றும் உலர்ந்த பின்னரே தகட்டை ஏற்றவேண்டும். அமோனியா கலந்த திரவத்தால் கழுவலாகாது. உள்ளே குழல்களையுடைய தகடாயின், குழல்கள் சரிவின் போக்கிலேயே அமைய, மேல்முனையை அலுமினியப் பட்டையால் அடைத்து, உள்ளே கோத்த நீர் வடியக் கீழ்முனையில் வழிவிடுதல் வேண்டும். இதனைப் புறக்கணித்தால் குழல்களில் பாசி பிடிக்கும்.

அக்குழல்களில் தேங்கும் காற்று வெப்பத்தைக் காப்பதால், உதகமண்டலம் போன்ற குளிர்ப் பிரதேசங்களில் அத்தகடு பெரிதும் பயன்படும். சமவெளியிலோ தெளிவான தகட்டின்கீழ் செடிகள் வாடுமாகையால், பால்வெண்மைத் தகட்டைத் தேர்ந்து, கூரையின் உச்சியில் வெப்பக் காற்று வெளியேறத் திறப்பும் விடுதல் வேண்டும்.