கிளாஸ்கோ நகரில் ஓர் அரபு மாணவர்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மீலாது மேடையில் இவ்வெளியேன் பேசிக்கொண்டிருந்தேன். இஸ்லாமிய நாகரிகம் ஐரோப்பாவுக்கு ஈந்தவற்றை அடுக்கி வருகையில், "மேலைநாட்டார் பாடும் 'டோ, ரே, மி' என்னும் சுரப் பெயர்களும் நம் தால், ரா, மீம் என்னும் அரபு எழுத்துகளே" என்று முழங்கினேன். அவையிலிருந்து தக்பீர் எழுந்தது. கூட்டம் கலைந்தபின் கல்லூரி மாணவர் ஒருவர் ஸலாம் கூறி அருகே வந்து, "ஹஜ்ரத், அந்தச் செய்திக்குச் சனது என்ன?" என்று பணிவோடு வினவினார். ஹதீஸுக்குச் சனது கேட்கப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பவன் நான். அன்று என்னிடம் விடையில்லை.

விடையைத் தேடிச் சென்றபோதுதான் ஹென்றி ஜார்ஜ் ஃபார்மர் என்னும் அறிஞரின் வரலாற்றை அறிந்தேன். அவர் முஸ்லிமல்லர், தொடக்கத்தில் அரபு அறிந்தவருமல்லர். அயர்லாந்தின் பிர் என்னும் ஊரில் 1882-இல் பிறந்து, இளமையில் பிரிட்டிஷ் பீரங்கிப் படையின் இசைக்குழுவில் சேர்ந்தார். 1914 முதல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர அரங்குகளில் இசைக்குழுவை நடத்திப் பிழைத்தவர்.

அல்ஜீரியாவில் வாழ்ந்த சல்வதோர் தானியேல் என்னும் பிரெஞ்சு இசைவாணர் அரபு இசை பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதனை ஃபார்மர் ஆங்கிலத்தில் பெயர்த்துக் குறிப்புரைகளும் சேர்த்து வெளியிட்டார். ஆயினும் நூலில் கூறப்பட்டவை மெய்யா என்று ஆராய வேண்டுமாயின் மூலநூல்களைப் படிக்க வேண்டும். அவையோ அரபில் இருந்தன. பிறர் கூறியதைத் திருப்பிக் கூறுவதோடு அமைந்திருக்கலாம். பெயரும் புகழும் குறைந்திரா. அவ்வாறு அமைய அவருடைய மனம் ஒப்பவில்லை. அரங்கப் பணியை விடாமலே கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்து, தாமஸ் ஹண்டர் வியர் என்னும் அரபு விரிவுரையாளரிடம் பயின்றார். 1924-இல் முதுகலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. 1926-இல் அரபு இசையின் வரலாற்றை ஆய்ந்து முனைவர் பட்டமும் பெற்றார்.

வியர் என்னும் பெயர் நம்மவர் சிலருக்குக் கசப்பாகத் தோன்றலாம். வில்லியம் மூர் எழுதிய, ஸர் ஸையித் அஹ்மது கான் மனம் நொந்து மறுத்த, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றைப் பிற்காலத்தில் திருத்திப் பதிப்பித்தவர் அவரே. எனினும் அவரிடம் கற்ற அரபைக் கொண்டு ஒருவர் நம் முன்னோரின் பெருமையை வெளிக்கொணர்ந்தார் என்பதும் வரலாறே.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். பிரிட்டனில் முனைவர் பட்டம் என்னும் ஏற்பாடே 1917-க்குப் பின்னர்தான் வேரூன்றியது. கிளாஸ்கோவில் இசைக்கெனத் தனிப் பேராசிரியர் பதவி ஏற்பட்டதும் 1920-களின் இறுதியிலேயே. ஆகவே இசையை ஆய வந்தவர் மொழியாசிரியரை நாட வேண்டியிருந்தது. தாமே பொருளைத் தேர்ந்து, தாமே நூல்களைத் தேடி, தாமே எழுதுவது அவ்வாய்வு; ஆனால் ஒவ்வோர் அடியையும் கண்காணிக்க ஓர் ஆசான் உண்டு. நம் மத்ரஸாக்களில் உஸ்தாதின் முன் கிதாபை ஓதிக் காட்டி இஜாஸத்துப் பெறும் முறைக்கு இது தொலைவானதன்று. மாணவருக்காக உஸ்தாத் ஓதுவதில்லை. ஓதுகின்றவர் பிழைபட்டால் நிறுத்துகிறார்.

அந்த ஆய்வேடு விரிவடைந்து 1929-இல் நூலாயிற்று. அறியாமைக் காலத்தில் தொடங்கி, குலஃபாஉர் ராஷிதீன், உமைய்யாக்கள், அப்பாஸியர் என நடந்து, ஹிஜ்ரி 656-இல், அதாவது 1258-இல், பக்தாது வீழ்ந்ததுடன் அது முடிகிறது. அபுல் ஃபரஜ் இஸ்பஹானியின் கிதாபுல் அகானீ, இப்னு அப்தி ரப்பிஹியின் இக்துல் ஃபரீத், இப்னு நதீமின் ஃபிஹ்ரிஸ்த் முதலானவற்றின் ஏடுகளிலிருந்து பாடகரையும் இசைநூலோரையும் அவர் எடுத்துக் காட்டினார். அல்கிந்தீ, ஃபாராபீ, இப்னு ஸீனா ஆகியோர் தத்துவத்தில் மட்டுமன்றி இசையிலக்கணத்திலும் பேராசான்களாக விளங்கியதை ஆங்கிலம் படித்தோர் அறிந்தனர்.

இசை ஆகுமா ஆகாதா என்பதில் உலமாப் பெருமக்களிடையே நெடுநாள் வேறுபாடு உண்டு; அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அவ்விவாதத்தையும் ஃபார்மர் மறைக்கவில்லை. தம் நூலில் தனி அதிகாரமே அமைத்தார். பின்னாளில் கிளாஸ்கோவில் அரபு போதித்த ஜேம்ஸ் ராப்ஸன், இசையைப் பழிக்கும் இப்னு அபித்துன்யாவின் நூலையும், அதனை ஆதரிக்கும், அஹ்மது கஸ்ஸாலீ பெயரில் வழங்கும் நூலையும் ஒருசேர 1938-இல் மொழிபெயர்த்தார். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் மிஷ்காத்துல் மஸாபீஹை ஆங்கிலத்தில் ஆக்கியவரும் அவரே.

ஃபார்மரின் முடிவுகள் எதிர்ப்பின்றி நிற்கவில்லை. ஐரோப்பிய இசையிலக்கணம் அரபியருக்குக் கடன்பட்டது என்று 1925-இல் அவர் எழுதியதும், காத்லீன் ஷ்லெசிங்கர் என்னும் ஆய்வாளர் மறுத்தெழுதினார். ஃபார்மர் 1930-இல் ஒரு நூலாகவே விடையிறுத்தார். 'ஊது' என்னும் கருவியே பெயரோடு ஐரோப்பாவின் 'லூட்' ஆயிற்று, 'ரபாப்' அங்கே 'ரெபெக்' ஆயிற்று என்பன இன்றும் அறிஞர் ஏற்பவை.

ஆனால் நான் மேடையில் முழங்கிய செய்தி? அதையும் ஃபார்மர் குறித்துள்ளார். அவருக்கு முன் 17-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் ஒருவர் அவ்வாறு கருதினார். பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் இத்தாலியத் துறவி குய்தோ, லத்தீன் துதிப்பாடல் ஒன்றின் அடிகளில் முதலில் நின்ற அசைகளையே சுரப் பெயர்களாக்கினார். அவற்றுள் முதலாவது 'டோ' அன்று, 'உத்'. 'டோ' வந்தது பல நூற்றாண்டுகளுக்குப் பின். தால் என்னும் எழுத்துக்கு அங்கே இடமேயில்லை.

1932-இல் கெய்ரோவில் மன்னர் ஃபுஆது கூட்டிய அரபு இசை மாநாட்டில், வரலாறும் கையெழுத்துப் பிரதிகளும் பற்றிய குழுவுக்கு ஃபார்மர் தலைமை தாங்கினார். அரபுலகம் தன் வரலாற்றை ஆய ஓர் அயலாரை அழைத்து அமர்த்தியது. 1965-இல் அவர் மறைந்தார். அவர் திரட்டிய நூல்கள் கிளாஸ்கோப் பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.

கேள்வி கேட்ட அந்த மாணவரைப் பிறகொரு நாள் கண்டேன். "தம்பி, நான் கூறியது பிழை" என்றேன். அவர் நாணித் தலைகுனிந்தார். குனிய வேண்டியவன் நான். நம் பிள்ளைகள் பல்கலைக்கழகம் சென்று எத்துறையை ஆய்ந்தாலும் நம்மிடம் வந்து சனது கேட்பார்கள். அவர்களை அதட்டி அனுப்பினால் நம் பெருமைகளை ஆராயும் பணி என்றும் அயலார் கையிலேயே இருக்கும்.