காஜிமார் தெரு, மதுரை

காஜிமார் தெரு என்பது தமிழ்நாட்டின் மதுரை மாநகரில் அமைந்துள்ள பழமையான இஸ்லாமியக் குடியிருப்புப் பகுதியாகும். இது மீனாட்சியம்மன் கோயிலுக்குத் தென்மேற்கே, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகில் உள்ளது. இங்குள்ள காஜிமார் பெரிய பள்ளிவாசல் மதுரையின் முதல் பள்ளிவாசலாகக் கருதப்படுகின்றது.

பெயர்க் காரணம்

காஜி என்னும் அரபுச் சொல் இஸ்லாமியச் சட்டப்படி தீர்ப்பு வழங்கும் நடுவரைக் குறிக்கும். அதனுடன் 'மார்' என்ற தமிழ்ப் பன்மை விகுதி சேர்ந்து 'காஜிமார்' ஆயிற்று. காஜிகளின் வழிவந்த குடும்பத்தினர் வாழ்ந்தமையால் தெரு இப்பெயர் பெற்றது.

வரலாறு

13 ஆம் நூற்றாண்டில் யெமன் நாட்டிலிருந்து வந்த காஜி சையது தாஜுத்தீன் என்பவர், குலசேகர பாண்டியனிடம் நிலம் பெற்று இப்பள்ளிவாசலை அமைத்தார் என்பது இப்பகுதியினரின் மரபுவழிச் செய்தியாகும்.

மாலிக் கபூரின் படையெடுப்புக்கும் (1311), மதுரை சுல்தானகத்துக்கும் (1335 - 1378) பின்னரே மதுரையில் முஸ்லிம்கள் குடியேறினர் என்ற கருத்து பரவலாக உள்ளது. மேற்கூறிய மரபுச் செய்தி இதற்கு மாறானது. அக்காலத்திய நூல்களும் பாண்டிய நாட்டில் முஸ்லிம்கள் முன்பே வாழ்ந்ததைக் காட்டுகின்றன. 1268 இல் ஆட்சிக்கு வந்த மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் காயல் துறைமுகம் வழியே அரபுக் குதிரை வணிகம் செழித்தது. பாண்டியரிடம் தகியுத்தீன் என்னும் முஸ்லிம் அமைச்சர் பணியாற்றியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியுள்ளார். 1311 ஆம் ஆண்டுப் போரில் பாண்டியர் தரப்பிலும் முஸ்லிம் வீரர்கள் இருந்ததை அமீர் குஸ்ரு குறிப்பிடுகின்றார்.

மக்பரா

பள்ளிவாசல் வளாகத்தினுள் மதுரை மக்பரா எனப்படும் அடக்கத்தலம் உள்ளது. மீர் அகமது இப்ராகிம், மீர் அம்ஜத் இப்ராகிம், சையது அப்துஸ் சலாம் இப்ராகிம் ஆகிய மூன்று பெரியார்கள் இங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

காஜி பொறுப்பு

முற்காலத்தில் காஜிகள் முஸ்லிம்களின் திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை தொடர்பான வழக்குகளில் தீர்ப்பு வழங்கினர். ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்கள் ஏற்பட்டபின் அவ்வதிகாரம் மறைந்தது. 1880 ஆம் ஆண்டுக் காஜிகள் சட்டம் அரசு காஜிகளை நியமிக்க வழிசெய்தது. ஆயினும் அவர்களுக்கு நீதி அதிகாரம் எதனையும் வழங்கவில்லை. திருமணப் பதிவு, பிறை அறிவிப்பு போன்றவை காஜிகளின் பணிகளாகத் தொடர்கின்றன.

கோரிப்பாளையம்

வைகையின் வடகரையில் உள்ள கோரிப்பாளையம் தர்கா மதுரையின் மற்றொரு தொன்மையான இஸ்லாமியத் தலமாகும். 'கோர்' என்பது கல்லறையைக் குறிக்கும் பாரசீகச் சொல். பாண்டியர் காலத்தில் இத்தர்காவுக்குக் கிடைத்த நிலங்கள் பற்றிப் பின்னர் வழக்கு எழுந்தபோது, வீரப்ப நாயக்கர் 1573 இல் தர்காவின் உரிமையை உறுதி செய்தார் என்று கூறப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

மதுரை சுல்தானகம்
காயல்பட்டினம்