பிசினில் பிறந்த டாங்கி

ஆப்ராம்ஸ், லெப்பர்டு போன்ற இன்றைய டாங்கிகளின் பிளாஸ்டிக் கிட்டைச் செய்து பார்த்தவர்களுக்கு வேலை பழக்கமானதுதான். சட்டத்தில் தொங்கும் துண்டுகளை நறுக்கி எடுத்து, பிசிறைத் தேய்த்து, பசை தடவி ஒட்டி, கடைசியில் சேறும் துருவும் படிந்ததுபோல் வண்ணம் பூச வேண்டும். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கோ, அதை வார்க்கும் இயந்திரமோ, அளவோ, வண்ணமோ எதுவுமே மாதிரி டாங்கிக்காகப் பிறந்ததல்ல.

பிளாஸ்டிக்கின் கதை 1839இல் பெர்லினில் ஒரு மருந்துக் கடையில் தொடங்குகிறது. எட்வார்ட் சைமன் என்ற மருந்தாளர் ஸ்டோராக்ஸ் என்னும் பிசினைக் காய்ச்சி வடித்தார். துருக்கிப் பக்கத்து மரமொன்றில் கசியும் பிசின் அது. சாம்பிராணிபோல் புகைப்பார்கள், மருந்திலும் சேர்ப்பார்கள். வடித்த எண்ணெய் சில நாளில் கூழாக இறுகியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் கலந்துவிட்டது என்று சைமன் நினைத்தார். அவர் கையில் இருந்ததோ பாலிஸ்டைரீன். ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1930களில்தான் ஜெர்மன் தொழிற்சாலைகள் அதைப் பெருமளவில் தயாரித்தன. கரைப்பான் பட்டதும் அதன் மேற்பரப்பு இளகும். இரண்டு துண்டுகளும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து ஒரே துண்டாகிவிடும். கிட் கட்டுபவர்களுக்கு இதைவிடப் பெரிய வரம் வேறில்லை.

வார்க்கும் இயந்திரத்துக்குப் பின்னால் பில்லியர்ட்ஸ் மேசை இருக்கிறது. பந்து செய்யும் யானைத் தந்தத்துக்கு மாற்று தேடிய அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹையாட், செல்லுலாய்டை உருக்கி அச்சுக்குள் செலுத்தும் கருவிக்கு 1872இல் காப்புரிமை பெற்றார்.

இந்த முறையின் வாரிசான இயந்திரமொன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் சீப்பு வார்த்துக்கொண்டிருந்தது. அதை வைத்திருந்தது, காற்றடைத்த ரப்பர் பொம்மைகளில் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ் நிறுவனம். நிறுவியவர் ஹங்கேரியரான நிக்கலஸ் கோவ். 1949இல் ஃபெர்குசன் டிராக்டர் நிறுவனம், தன் விற்பனையாளர்கள் வாடிக்கையாளரிடம் காட்டச் சின்ன டிராக்டர் மாதிரிகள் கேட்டது. செய்து கொடுத்தார்கள். பிறகு அதே டிராக்டரைத் துண்டுகளாகவே விற்கலாமே என்று தோன்றியது. 1950களில் கோல்டன் ஹைண்ட் கப்பலின் கிட், வுல்வொர்த் கடைகளில் இரண்டு ஷில்லிங்குக்கு வந்தது. அதன் பிறகு வந்த ஸ்பிட்ஃபயர் விமானம், அமெரிக்காவின் ஆரோரா கிட்டைப் பார்த்துச் சுருக்கிச் செய்தது என்பது மாடல் கட்டுபவர்களிடையே நெடுநாளாக உலவும் கதை.

டாங்கிக்கு வழி திறந்தது ஜப்பானின் ஷிசுவோகா. கோயில் கட்ட வந்த தச்சர்களின் கைத்திறன் தங்கிப்போன ஊர் அது. அங்கே யோஷியோ தாமியா 1946இல் மரம் அறுக்கும் தொழில் தொடங்கினார். கூடவே மர மாதிரிகளும் செய்தார். 1951இல் தீ எல்லாவற்றையும் தின்றது. பிறகு மாதிரித் தொழிலை மட்டும் பிடித்துக்கொண்டார். 1960இல் முதல் பிளாஸ்டிக் கிட்டாக யமாட்டோ போர்க்கப்பலை வெளியிட்டபோது, போட்டி நிறுவனம் அதே கப்பலை மலிவாக விற்றதால் நொந்துபோனார்கள். அடுத்து வந்த பாந்தர் டாங்கிதான் கைகொடுத்தது. மோட்டாரில் ஓடும், பெட்டிமேல் ஓவியர் கொமாட்சுசாகி வரைந்த அற்புதமான படம்.

மற்ற டாங்கிகளையும் அதே அளவில் செய்யலாம் என்று மகன் ஷுன்சாகு பாந்தரை அளந்து பார்த்தார். அசலில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு. உள்ளே இரண்டு பேட்டரிகள் அடங்க வேண்டும் என்பதற்காக அமைந்த அளவு அது, அவ்வளவுதான். 1/72 என்றால் ஓர் அங்குலத்துக்கு ஆறடி என்று கணக்கு நேராக வரும். 35 எந்தக் கணக்கிலும் சேராத எண். இத்தாலியின் இட்டாலேரி முதல் சீனாவின் டிரம்பெட்டர் வரை எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கொரியாவிலும் சீனாவிலும் தாமியா கிட்டுகளை நகலெடுத்தவர்கள் இருந்தார்கள்; நகலோடு அந்த அளவும் பரவியது.

ஷுன்சாகு அமெரிக்காவின் அபர்டீன், இங்கிலாந்தின் போவிங்டன் அருங்காட்சியகங்களுக்கே போய் டாங்கிகளைப் படமெடுத்தார். நுணுக்கத்தின் மீதான இத்தகைய வெறி ராணுவங்களுக்கு எப்போதும் இனிக்கவில்லை. 1961இல் அமெரிக்க ரெவெல் நிறுவனத்தின் போலாரிஸ் நீர்மூழ்கிக் கிட்டைப் பார்த்த அமெரிக்கக் கடற்படை அட்மிரல் ரிக்கோவர் கொதித்துப்போனார்; ரஷ்யர்கள் 2 டாலர் 98 சென்ட்டுக்கு ரகசியத்தை வாங்கிவிடலாமே என்பது அவர் கவலை.

வண்ணம் வந்த வழியும் சுற்றுவழிதான். இன்று மாடல் மேசைகளில் நிற்கும் வயேஹோ வண்ணங்கள் 1965இல் நியூ ஜெர்சியில் கார்ட்டூன் படத் தாள்களுக்காகப் பிறந்தவை. 1969இல் நிறுவனம் ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்தது. சேற்றுக்கும் துருவுக்கும் புதுப்புது உத்திகள் பிறந்ததில் ஸ்பானியக் கலைஞர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

இன்றும் புதிய கிட்டுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. உக்ரைனின் கீவ் நகரத்து ஐசிஎம் நிறுவனம், கண்ணிவெடி தாங்கும் கோசாக்-2 கவச வண்டியின் கிட்டை வெளியிட்டிருக்கிறது. போர் முனைக்குப் போகும் அசல் வண்டியைச் செய்வதும் கீவ் நிறுவனம்தான். கிட்டில் மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. அளவு மட்டும் 1/35.