கடல்நீருக்கு எந்த எடைக்கல்?

கலிபோர்னியாவில் கோலிங்கா என்றொரு சிறிய எண்ணெய்க் கிணற்று ஊர். அங்கே கிணற்று நீர் உப்பாக இருந்ததால் குடிநீர் ரயிலில் வந்தது. 1959இல் மின்சாரத்தால் உப்பைப் பிரிக்கும் இயந்திரம் வந்தது. 1965இல் லோப், சௌரிராஜன் இருவரும் கண்டறிந்த, உப்பை வடிகட்டும் சவ்வைக் கொண்டு இன்னொன்று வந்தது. ரயில் தண்ணீரோடு ஒப்பிட்டால் இயந்திரத் தண்ணீர் மலிவுதானே? கழிவு உப்பு எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கும் நிலையில் அந்த ஊர் இல்லை. உப்புநீக்கத்தை அளக்கும் முதல் எடைக்கல் அப்படித்தான் வாய்த்தது: மாற்றுவழி எவ்வளவு மோசமோ, இயந்திரம் அவ்வளவு நல்லது.

அதே எடைக்கல்தான் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. வற்றாத ஆறு இல்லாத நகரம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நிரம்ப வடகிழக்குப் பருவமழை மனம் வைக்க வேண்டும். கிருஷ்ணா நீரில் 12 டி.எம்.சி. தர 1983இல் ஒப்பந்தமாகியும் தண்ணீர் தமிழக எல்லையைத் தொட்டது 1996இல்தான். 2004இல் வீராணத்திலிருந்து குழாய் வந்தபோது, அது பாசன ஏரி என்ற மனக்குறையும் கூடவே வந்தது. எங்கே கை வைத்தாலும் யாரோ ஒருவரின் பங்கு. கடலுக்குப் பங்காளி இல்லை என்ற எண்ணம்தான், என் கணிப்பில், காட்டுப்பள்ளியில் 2010இலும் நெம்மேலியில் 2013இலும் தலா நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் நிலையங்களை எழுப்பியது. அந்த எண்ணத்தில் பாதி உண்மை உண்டு. 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாட்களிலும் (கோலிங்காவின் பழைய கதைதான்) இந்த இரண்டு நிலையங்களும் ஓடிக்கொண்டிருந்தன. தாகத்தில் தவிக்கும் ஊரிடம் கடலின் நலம் பேசுவது வசதி படைத்தவர் வாதம் என்று யாராவது சொன்னால் எளிதில் மறுக்க முடியாது.

ஆனால் பஞ்சகாலக் கணக்கை வைத்து 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போடும்போதுதான் சிக்கல். ஒரு கிலோ லிட்டருக்கு இத்தனை ரூபாய் என்ற ஒற்றை எண்ணுக்குள் எதுவெல்லாம் அடங்காது? ஒரு கிலோ லிட்டர் நன்னீருக்குச் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் என்று வைத்தால், ஒரு நிலையத்துக்கு நாளொன்றுக்கு மூன்றரை லட்சம் யூனிட். அது நிலக்கரியிலிருந்து வந்ததா, காற்றாலையிலிருந்து வந்ததா என்பது விலையில் தெரியாது. ஒரு லிட்டர் நன்னீருக்குச் சுமார் இரண்டரை லிட்டர் கடல்நீரை இழுக்கிறார்கள். மிச்சம் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு உப்போடு கடலுக்கே திரும்புகிறது. நெம்மேலி அருகே சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் கரை அரிக்கப்படுவதாக முறையிட்டார்கள். படகை இழுத்துப் போட மணல் இல்லை என்றால், அந்த இழப்பை எந்த ரூபாய்க் கணக்கில் எழுதுவது? கடலுக்குப் பங்காளி உண்டு. பேரம் பேசும் மேசையில் அவருக்கு நாற்காலி இல்லை, அவ்வளவுதான்.

பல அளவுகோல்களை ஒன்றாக வைத்து முடிவெடுக்கும் முறைகள் இருக்கின்றன. தாமஸ் சாட்டி 1970களில் வகுத்த முறை, அளவுகோல்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டு எதற்கு எவ்வளவு எடை என்று கேட்கிறது. எடையைப் போடுகிறவர் விருப்பப்படிதானே விடை வரும் என்பார்கள். உண்மைதான். ஆனால் விலையை மட்டும் பார்ப்பவரும் மற்ற எல்லாவற்றுக்கும் சுழியம் என்று எடை போட்டவர்தான். அதை எழுதிவைக்கவில்லை என்பதே வேறுபாடு. எழுதிவைத்தால் மீனவரும் விவசாயியும் அந்த எண்ணைக் காட்டிச் சண்டையாவது போடலாம். எப்போதும் தண்ணீர் கிடைக்கும் என்ற உறுதியை மட்டுமே அளவுகோலாக நம்பிய மெல்போர்ன், நீண்ட வறட்சி முடிந்த பிறகு 2012இல் உப்புநீக்க நிலையத்தைக் கட்டி முடித்து, 2017 வரை அதன் தண்ணீர் தேவைப்படாமலே பணம் கட்டியது.

எதை எடைபோடுகிறோம் என்பதைவிட எதிர்த்தட்டில் எதை வைக்கிறோம் என்பதில்தான் சென்னை பெரிதும் தவறியது. வறண்ட ஏரியை வைத்தார்கள், டேங்கர் லாரியை வைத்தார்கள். நகரத்தின் கழிவுநீரை வைக்க வெகுகாலம் ஆயிற்று. அதில் உப்பு கடல்நீரைவிடப் பல மடங்கு குறைவு. அதனால் அதே சவ்வுக்கு மின்சாரமும் குறைவு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தரும் நிலையங்கள் 2019இல்தான் வந்தன, அதுவும் தொழிற்சாலைகளுக்காக. இத்தனைக்கும் மணலி ஆலைகள் நகரக் கழிவுநீரை வாங்கிச் சுத்திகரித்துப் பயன்படுத்தத் தொடங்கியது 1990களில். காட்டுப்பள்ளியில் நிலையம் எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே.