தென்னமரம் முதல் டீசல் தொட்டி வரை



புஞ்சாக் ஆலாமிலிருந்து கோலசிலாங்கூர் செல்லும் வழியில் செம்பனைக் குலைகளை ஏற்றிய லோரிகளை நாள்தோறும் காண்கிறோம். அண்மையில் என் மாணவன் ஒருவன், “ஐயா, அந்த லோரி தான் சுமக்கும் பழத்தின் எண்ணெயிலேயே ஓடுமா?” என்று கேட்டான். “ஓரளவு ஓடுகிறது” என்றேன். அந்த ‘ஓரளவு’க்குப் பின்னால் நூறாண்டு வரலாறு உண்டு. அதில் என் தந்தையாரின் பட்டறை அனுபவமும் சிறிது உண்டு.

முதலில் மரத்தின் கதை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நான்கு செம்பனைக் கன்றுகள் 1848-இல் சாவகத்தின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்கள் சுமத்திராவில் பரவின. அங்கிருந்து பெற்ற விதைகளைப் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபோக்கோனியே சிலாங்கூருக்குக் கொண்டு வந்தார். 1917-இல் இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில், நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. பெயரோ தென்னமரம், விளைந்ததோ செம்பனை! சிலாங்கூர்த் தோட்டங்களில் காடழித்து, கன்று நட்டு, குலை வெட்டிய கைகளில் நம் முன்னோர்களின் கைகள் எத்தனையோ.

அடுத்து இயந்திரத்தின் கதை. ருடோல்ஃப் டீசல் கண்டுபிடித்த இயந்திரம், 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. அதாவது, தாவர எண்ணெயில் ஓடும் டீசல் இயந்திரம் இன்றைய புதுமையன்று. மலிவான கனிம எண்ணெய் பெருகியதால் அம்முயற்சி பின்தங்கியது, அவ்வளவே.

இனி என் தந்தையார். தோட்டப் பட்டறையில் ‘ஃபிட்டர்’ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2008 ஜூன் மாதம் டீசல் விலை லிட்டருக்கு 1 ரிங்கிட் 58 சென்னிலிருந்து 2 ரிங்கிட் 58 சென்னாக ஒரே இரவில் ஏறியது. பழைய லோரி வைத்திருந்த எங்கள் உறவினர் ஒருவர், வடிகட்டிய பழைய சமையல் எண்ணெயை டீசலோடு கலந்து ஊற்றத் தொடங்கினார். லோரி புகை கக்கியது. “மாமா, நோசல் அழுத்தத்தைக் கூட்டிக் கொடுங்கள்” என்று தந்தையாரிடம் வந்தார்.

நோசல் என்பது எண்ணெயைப் பனிப்புகை போல இயந்திரத்துக்குள் தெளிக்கும் சிறு கருவி. டீசல் இயந்திரத்தில் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்டுக் கொதிக்கும் காற்றில் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. நோசலுக்குள் ஒரு சுருள்வில் உண்டு. அதன் மேல் மெல்லிய வட்டத் தகடு சேர்த்தால் வில் இறுகும். திறக்கும் அழுத்தம் கூடும். பழைய நேரடித் தெளிப்பு இயந்திரங்கள் பலவற்றில் இது ஏறத்தாழ 200 பார். மகிழுந்துச் சக்கரக் காற்றைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கு. 40 பாகை வெப்பத்தில் செம்பனை எண்ணெய் டீசலைவிட ஏறத்தாழ பத்து மடங்கு பிசுக்குடையது. பிசுக்கு மிகுந்தால் துளி பெரிதாகும், முழுமையாக எரியாது. அழுத்தத்தைக் கூட்டினால் துளி சிறுக்கும்.

தந்தையார் தகடு சேர்த்துக் கொடுத்தார். புகை குறைந்தது. சில வாரங்கள் கழித்து, மழை பெய்து குளிர்ந்த ஒரு விடியலில் லோரி கிளம்பவே இல்லை. வடிகட்டியில் கொழுப்பு உறைந்திருந்தது. நோசல் முனையில் கரி படிந்திருந்தது. அன்று தந்தையார் சொன்னார்: “மாப்பிள்ளை, வில்லை இறுக்கலாம். எண்ணெயோட குணத்தை இறுக்க முடியாது.”

இதே பாடத்தை நாடும் கற்றது. இயந்திரத்தை எண்ணெய்க்கு ஏற்ப மாற்றுவது ஒரு வழி. தாவர எண்ணெய்க்காகவே ஜெர்மானியர் வடிவமைத்த எல்ஸ்பெட் இயந்திரம் இங்கும் ஆராயப்பட்டது. எண்ணெயை இயந்திரத்துக்கு ஏற்ப மாற்றுவது மற்றொரு வழி. 1982-இல் தொடங்கிய மலேசிய ஆய்வு, செம்பனை எண்ணெயை மெத்தனாலோடு வினைபுரியச் செய்து கிளிசரினைப் பிரித்தெடுத்தது. கிடைத்த மெத்தில் எஸ்டர், பிசுக்கில் டீசலுக்கு நெருங்கியது. அதை ஊற்றிப் பேருந்துகளை 300,000 கிலோமீட்டர் வரை ஓட்டிச் சோதித்தார்கள்.

ஆயினும் 2006-இல் அறிமுகமான ‘என்வோ டீசல்’, மெத்தில் எஸ்டராக மாற்றப்படாத செம்பனை எண்ணெய் 5 விழுக்காடு கலந்த டீசலாகவே இருந்தது. இயந்திர உற்பத்தியாளர்கள் தயங்கினர். 2008-இல் அது கைவிடப்பட்டது. அதன்பின் மெத்தில் எஸ்டர் கலவை 2011-இல் 5, 2014-இல் 7, 2019-இல் 10 விழுக்காடு என உயர்ந்தது.

ஆசிரியர்களே, அறிவியல் பாடமும் வரலாற்றுப் பாடமும் நம் வாசலிலேயே ஒன்றாகக் கிடக்கின்றன. ஆனால், தோட்டங்கள் வீட்டு மனைகளாகின்றன, பட்டறைகள் மூடப்படுகின்றன, ஒலியைக் கேட்டே நோசலின் குறையைக் கண்டறிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராய் மறைகிறார்கள். என் தந்தையாரும் இன்று இல்லை. அவர் கையாண்ட அழுத்த அளவுகளை நான் எழுதி வைக்கவில்லை என்பது என் குறையே. பெற்றோர்களே, உங்கள் வீட்டுத் தாத்தா எந்த இயந்திரத்தோடு வாழ்ந்தார் என்று உங்கள் பிள்ளை கேட்டு எழுதட்டும். அடுத்த தவணையில் என் மாணவர்களின் முதல் கட்டுரைத் தலைப்பு அதுதான்.