வண்ணம் உரைக்கும் உண்மை

விளையாட்டுத் துப்பாக்கியின் வரலாறு, ஒருவகையில் அதன்மீது பூசப்படும் வண்ணத்தின் வரலாறே ஆகும். பொம்மையைப் பொம்மை என்று அறிவிக்கவும் வண்ணம் பயன்பட்டது. அவ்வுண்மையை மறைக்கவும் வண்ணமே பயன்பட்டது.

1934-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெய்சி நிறுவனம், பக் ரோஜர்ஸ் என்னும் விண்வெளி வீரனின் படக்கதையைத் தழுவிக் கைத்துப்பாக்கி ஒன்றை விற்பனைக்குக் கொணர்ந்தது. இரும்புத் தகட்டாலான அப்பொம்மை ஓசை மட்டுமே எழுப்பும். உலகில் எங்கணும் இல்லாத ஓர் ஆயுதத்தின் உருவம் ஆதலால், அதனை மெய்யென மயங்குவதற்கு இடமில்லை.

அக்கற்பனை ஆயுதத்திற்கு மெய்த்தோற்றம் அளித்தது திரைப்படக் கலை. 1977-இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்திற்காக, இங்கிலாந்தில் பணியாற்றிய கலைஞர்கள் மெய்யான துப்பாக்கிகளையே உருமாற்றினர். ஜெர்மனியின் பழைய மவுசர் கைத்துப்பாக்கிமீது தொலைநோக்கியைப் பொருத்தினர். பிரிட்டிஷ் படையின் ஸ்டெர்லிங் துப்பாக்கியையும் அவ்வாறே மாற்றியமைத்தனர். அவை புதுமெருகுடன் மின்னாமல், பன்னாள் கையாண்ட கருவிகளாகவே காட்சியளித்தன.

அத்தோற்றத்தில் உள்ளம் பறிகொடுத்தோர், மஞ்சளும் நீலமுமாய்க் கடைகளில் விற்கும் நெகிழிப் பொம்மைகளை மாற்றத் தலைப்பட்டனர். மேற்பரப்பின் வழவழப்பையும் அச்செழுத்துகளையும் உப்புத்தாளால் தேய்த்து நீக்குவர். அடிப்பூச்சின்மேல் கருஞ்சாம்பல் வண்ணம் பூசுவர். விளிம்புகளில் வெள்ளி வண்ணத்தைப் பட்டும் படாமலும் தீற்றினால், கறுப்பு தேய்ந்து உலோகம் வெளிப்பட்டாற்போல் தோன்றும். இடுக்குகளில் நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஓடவிட்டால், நாட்பட்ட அழுக்கின் சாயல் அமையும். பொறுமையும் கூர்ந்த நோக்கும் வேண்டும் கைவினை இது என்பதில் ஐயமில்லை.

ஆயினும், மெய்போன்ற தோற்றத்திற்கு வேறொரு முகமும் உண்டு. 1987 ஆகஸ்டு 19 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தொலைக்காட்சி நிலையமொன்றில் புகுந்த ஒருவன், நேரடி ஒளிபரப்பின்போதே டேவிட் ஹோரோவிட்ஸ் என்னும் செய்தியாளர்மீது துப்பாக்கியை நீட்டித் தன் அறிக்கையைப் படிக்கச் செய்தான். அத்துப்பாக்கி போலி என்பது பின்னரே புலனாயிற்று. மறு ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 1989 முதல் விற்பனைக்கு வரும் மெய்போன்ற விளையாட்டுத் துப்பாக்கிகள், குழல்முனையில் செம்மஞ்சள் நிறத்தையோ வேறு ஒப்புதல் பெற்ற அடையாளத்தையோ தாங்கல் வேண்டும் என்பது விதியாயிற்று.

எனினும், விற்பவர் இட்ட அடையாளத்தை வாங்கியவர் கை அகற்றிவிடலாம் அன்றோ? 2014 நவம்பரில் கிளீவ்லாந்து நகரப் பூங்காவொன்றில், பன்னிரண்டே அகவை நிரம்பிய சிறுவன் ஒருவன் காவலரால் சுடப்பட்டு மறுநாள் உயிர்நீத்தான். அவனிடம் இருந்தது போலித் துப்பாக்கியே. அதன் செம்மஞ்சள் முனை முன்னரே நீக்கப்பட்டிருந்தது. காவலர் வண்டி வந்து நின்ற சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிட்டது. அடையாளம் இருந்திருப்பினும் அந்நொடிகளில் அது கண்ணிற் பட்டிருக்குமா என்ற வினாவும் எழாமலில்லை.

அரங்கில் அமர்ந்திருப்போர் தாம் காண்பது நடிப்பு என்பதை அறிவர். தெருவில் செல்வோர் அறியார். ஒரே வண்ணம் அங்கே கலையாகிறது, இங்கே வஞ்சனையாகிவிடுகிறது. ஆகவே, தூரிகை ஏந்தும் மாணவர்க்கு வண்ணம் தீட்டும் திறத்தோடு, தீட்டாது விடவேண்டிய இடத்தை அறியும் திறமும் கற்பிக்கத்தக்கதாகும். குழல்முனையின் அச்சிறு செம்மஞ்சள் வளையம் கைவினையின் அழகைச் சற்றே குறைக்கலாம். ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.